ஹவில்தாரின் பென்ஷனும் அம்மாவின் இனிஷியலும்

அன்புள்ள ஐயா,

என் அப்பா மதராஸ் ரெஜிமெண்டில் ஹவில்தார். இன்னும் எட்டு மாதத்தில் 26 வருடச் சேவை முடித்து ஊருக்கு வருகிறார். வயது 45. வீட்டில் அம்மா, கல்லூரி இரண்டாம் வருடம் படிக்கும் நான், பத்தாம் வகுப்பில் தம்பி, அப்பாவைப் பெற்ற பாட்டி. பென்ஷனைப் பாதி விற்கவே கூடாது என்கிறார் மாமா. எல்லாரும் விற்கத்தான் செய்கிறோம் என்கிறார்கள் அப்பாவின் நண்பர்கள். "யூனிட்டில் எல்லாம் பார்த்துக்கொள்வார்கள்" என்பது அப்பாவின் பதில். அம்மாவுக்கு இதில் ஒன்றும் தெரியாது. நாங்கள் என்ன செய்து வைத்துக்கொள்ள வேண்டும்?

ஒரு மகள், வேலூர் மாவட்டம்

அன்புள்ள மகளுக்கு,

அப்பா சொல்வது பாதி சரி. யூனிட் கிளார்க்கும் வெல்லிங்டனில் இருக்கும் ரெக்கார்ட் ஆபீஸும் தாள்களைத் தயார் செய்து அனுப்பிவிடுவார்கள். ஆனால் தங்கள் பதிவில் என்ன இருக்கிறதோ அதைத்தான் அனுப்புவார்கள். அது தப்பாக இருந்தால் தப்பு அப்படியே பிபிஓவில், அதாவது பென்ஷன் வழங்கும் உத்தரவில், ஏறும். அதனால் பணக் கணக்குக்கு முன்னால் உங்கள் அம்மாவின் பெயரைப் பாருங்கள்.

கல்யாணம், குழந்தை பிறப்பு எல்லாம் பார்ட் டூ ஆர்டர் என்ற யூனிட் உத்தரவு வழியாகத்தான் பட்டாளத்துப் பதிவில் ஏறுகின்றன. நம்மூர்ப் பெயர்கள் அங்கே படும் பாடு தனி. கல்யாணமான புதிதில் அம்மாவின் பெயர் அவருடைய அப்பாவின் இனிஷியலோடு போயிருக்கும். ஆதாரில் கணவரின் இனிஷியல். வங்கிப் புத்தகத்தில் இனிஷியல் விரிந்து கணவரின் முழுப்பெயர் பின்னால் ஒட்டியிருக்கும். பிறந்த தேதியும் அப்படித்தான். பள்ளிச் சான்றிதழில் ஒன்று, ஆதாரில் ஜனவரி 1. அப்பா உயிரோடு இருக்கும்வரை இது யார் கண்ணையும் உறுத்தாது. குடும்ப பென்ஷன் கேட்டு அம்மா போய் நிற்கும் நாளில்தான், பிபிஓவில் இருப்பவரும் இவரும் ஒரே ஆள்தானா என்ற கேள்வி எழும்.

அப்பா சேவையில் இருக்கும்போதே சரிசெய்தால் வேலை சுருக்கம். அஃபிடவிட், ஆதார், பள்ளிச் சான்றிதழ் ஆகியவற்றை யூனிட்டில் கொடுத்தால், என்னென்ன கூடுதலாக வேண்டும் என்று கிளார்க்கே சொல்லித் திருத்த ஆர்டர் போடுவார். ஓய்வுக்குப் பிறகென்றால் மனு ரெக்கார்ட் ஆபீஸுக்குப் போய், அங்கிருந்து திருத்தப்பட்ட பிபிஓ வரவேண்டும். மாதக்கணக்கில் இழுக்கும். அடுத்த லீவுக்கு வரும்போது குடும்பத்தார் பட்டியலான கிண்ட்ரெட் ரோலின் நகல் ஒன்றைக் கொண்டுவரச் சொல்லுங்கள். உங்கள் நால்வர் பெயரும் தேதியும் ஆதாரோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போகிறதா என்று நீங்களே உட்கார்ந்து பாருங்கள்.

இன்னொன்று, செல்போன் எண். காஷ்மீரில் வெளிமாநில ப்ரீபெய்டு சிம் எடுபடாது என்பதால் அங்கேயே ஒன்று வாங்கியிருப்பார். அந்த எண்ணையே பென்ஷன் தாள்களில் எழுதிவிட்டு வருகிறவர்கள் உண்டு. ஊருக்கு வந்ததும் அந்த சிம் செத்துப்போகும். பென்ஷன் முழுக்க இப்போது ஸ்பர்ஷ் இணையதளத்தில் நடக்கிறது. அதன் ஓடிபி செத்த சிம்முக்குப் போய்க்கொண்டிருக்கும். வீட்டில் நிரந்தரமாக இருக்கப்போகும் எண்ணைக் கொடுக்கச் சொல்லுங்கள். வருடம் ஒருமுறை உயிர்வாழ் சான்று கொடுப்பதும் இதே தளத்தில்தான். அதை மறந்தால் பென்ஷன் நிற்கும்.

இனி மாமாவின் கவலை. கம்யூட்டேஷனை 'விற்பது' என்று சொல்லிச் சொல்லியே பாதிப் பேரைப் பயமுறுத்திவிட்டார்கள். அது பென்ஷனின் ஒரு பகுதியை முன்பணமாக வாங்குவது. 15 வருடத்தில் அந்தப் பகுதி திரும்பி வந்துவிடும். கணக்குக்கு எளிதாக, பென்ஷனுக்கு எடுத்துக்கொள்ளப்படும் கடைசிச் சம்பளம் 50,000 என்று வைத்துக்கொள்வோம். பென்ஷன் அதில் பாதி, 25,000. படையினர் அதில் 50 சதவீதம் வரை கம்யூட் செய்யலாம். முன்பணம் எத்தனை வருடத் தொகை என்பதை வயதை வைத்துச் சொல்லும் காரணி ஒன்று உண்டு. அடுத்த பிறந்தநாளில் 46 ஆகிறவருக்கு அது ஏறக்குறைய 9. ஆக 12,500 × 12 × 9, சுமார் 13.5 லட்சம் கையில் வரும். பிறகு மாதம் 12,500 வீதம் 180 மாதம் பிடிப்பார்கள். மொத்தம் 22.5 லட்சம். வட்டியாகப் பார்த்தால் எட்டு சதவீதத்தை ஒட்டி வரும்.

இதோடு நிறுத்தினால் மாமா சொல்வது சரி என்று தோன்றும். அவர் விட்டது மூன்று விஷயம். பஞ்சப்படி வெட்டிய 12,500க்கு அல்ல, முழு 25,000க்கும் கணக்காகும். ஒரே பதவி ஒரே பென்ஷன் திட்டத்தில் ஐந்து வருடத்துக்கு ஒருமுறை பென்ஷன் திருத்தப்படும்போது, பிடித்தம் அதே 12,500தான். கடைசியாக, 15 வருடத்துக்குள் அப்பாவுக்கு ஏதாவது ஆனால் மீதித் தவணை அம்மாவின் தலையில் விழாது. குடும்ப பென்ஷனில் ஒரு பைசா பிடிக்கமாட்டார்கள். காப்பீட்டோடு சேர்ந்த கடன் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆயுதப்படையினருக்கு இந்தத் தொகைக்கு வருமான வரியும் இல்லை.

வீட்டுக்கடனோ தனிநபர்க் கடனோ நிலுவையில் இருந்தால், வீடு கட்டும் வேலை முடிவாகியிருந்தால், கம்யூட் செய்யலாம் என்பது என் கருத்து. சேமிப்புக் கணக்கில் கிடக்கட்டும் என்றால் வேண்டாம். கிராஜுவிட்டி, 300 நாள் வரையிலான லீவுச் சம்பளம், ஃபண்ட், குரூப் இன்சூரன்ஸ் எல்லாம் எப்படியும் அடுத்தடுத்து வந்து விழும். பணம் வரும் தேதி வீட்டுக்குத் தெரியுமுன் மனை புரோக்கருக்கும் ஏலச்சீட்டுக்காரருக்கும் தெரிந்துவிடுவது வேலூர்ப் பக்கம் ஒரு வழக்கம். ஓய்வு பெற்ற ஒரு வருடத்துக்குள் கேட்டால் மருத்துவப் பரிசோதனை இல்லாமலே கம்யூட் செய்யலாம், ஆகவே அவசரம் வேண்டாம்.

குடும்ப பென்ஷனையும் அம்மாவுக்குக் கணக்காகவே சொல்லுங்கள். மேலே சொன்ன உதாரணத்தில் ஓய்வுக்குப் பிறகு இறப்பு நேர்ந்தால், ஏழு வருடம் அல்லது அப்பாவுக்கு 67 வயது ஆகியிருக்கும் நாள், எது முந்தியோ அதுவரை 25,000. அதன்பின் கடைசிச் சம்பளத்தில் 30 சதவீதம், 15,000. பஞ்சப்படி தனி. கணக்கு இருவர் பெயரிலும், யார் வேண்டுமானாலும் இயக்கும்படி இருக்கட்டும். இறப்பை உடனே தெரிவிக்காமல் ஏடிஎம்மில் எடுத்துக்கொண்டே போனால், அதிகமாக வந்த பணத்தைப் பிறகு மொத்தமாகப் பிடிப்பார்கள்.

முன்னாள் படைவீரர் மருத்துவத் திட்டமான ஈசிஹெச்எஸ்ஸின் சந்தா ஒரே தவணை, ஹவில்தாருக்கு 30,000. ஒவ்வொருவருக்கும் தனி அட்டை. உங்களுக்குக் கல்யாணமோ வேலையோ ஆகும்வரை, தம்பிக்கு 25 வயதோ வேலையோ கல்யாணமோ எது முந்தியோ அதுவரை செல்லும். பாட்டியின் சொந்த வருமானம் மாதம் 9,000மும் அதற்கான பஞ்சப்படியும் சேர்ந்த தொகைக்குள் இருந்தால் அவரையும் சேர்க்கலாம். அதற்கு அப்பாவின் பதிவில் பாட்டி பெயர் இருக்கவேண்டும், எழுத்துப் பிழை இல்லாமல். சிகிச்சைக்கு முதலில் ஈசிஹெச்எஸ் பாலிகிளினிக், அங்கே ரெஃபரல், பிறகுதான் மருத்துவமனை. அவசரத்துக்கு, பட்டியலில் இல்லாத மருத்துவமனையில் சேர்த்தால் 48 மணி நேரத்துக்குள் பாலிகிளினிக்குக்குச் சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் பில் சிக்கலாகும்.

அடுத்த வேலை பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் 45 வயதில் அது வரத்தான் செய்யும். ஓய்வுக்கு ஒரு வருடம் முன்பிருந்தே சிவில் வேலைக்கு விண்ணப்பிக்கலாம். பொதுத்துறை வங்கிகளின் கிளார்க் பணியிடங்களில் முன்னாள் படைவீரருக்கு 14.5 சதவீதம் ஒதுக்கீடு உண்டு. மத்திய அரசு வேலைக்கு, சேவைக்காலத்தோடு மூன்று வருடத்தையும் சேர்த்து வயதில் கழிப்பார்கள். பன்னிரண்டு மணி நேர செக்யூரிட்டி வேலைக்குக் கிளம்புமுன் இதை ஒருமுறை முயன்று பார்க்கட்டும். வந்ததும் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் பதிந்து அடையாள அட்டையும் வாங்கிவிட வேண்டும்.

வருடத்துக்கு 60 நாள் ஆண்டு லீவு, 30 நாள் கேஷுவல் லீவு. ஃபேமிலி குவார்ட்டர்ஸ் கிடைத்த வருடங்கள் போக, அப்பா உங்கள் வீட்டில் இருந்தது அவ்வளவுதான். கரண்ட் பில், ரேஷன், தம்பியின் பள்ளி எல்லாம் அம்மாவின் கையில் ஓடிப் பழகியவை. வந்த முதல் மாதமே அவற்றை அப்பா வாங்கிக்கொள்ளப் பார்ப்பார், உதவி என்று நினைத்துத்தான். மாற்றாமல் இருப்பது நல்லது. பாட்டியின் பாலிகிளினிக், கேன்டீன், ஸ்பர்ஷ் ஆகியவற்றை அவரிடம் கொடுங்கள். ஸ்பர்ஷ் கடவுச்சொல்லை மட்டும் அம்மாவும் தெரிந்துவைத்து, மாதம் ஒருமுறை அவரே உள்ளே போய் பென்ஷன் சிலிப்பை எடுக்கட்டும். முதல் சிலிப் வரும்போது நீங்கள் பக்கத்தில் இருந்து ஒவ்வொரு வரியையும் அவருக்குப் படித்துக் காட்டுங்கள்.