மூங்கில் கழியில் ஒரு சொல்

வணக்கம் சார். தொடக்கநிலை ஐந்து படிக்கும் மகள் 'ஷார்ட் பேஸ்ட்ரி' என்றால் என்ன என்று கேட்டாள். சின்ன பேஸ்ட்ரி என்று சொல்லி மாட்டிக்கொண்டேன், யூடியூபைக் காட்டிச் சிரிக்கிறாள். 'ஷார்ட்' நம் 'சுருக்கு' என்பதிலிருந்து போனது என்று வாட்ஸ்அப்பில் வந்ததே, உண்மையா?
- சிங்கப்பூர் ஈசூனிலிருந்து ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

வாட்ஸ்அப்பை முதலில் முடித்துவிடுவோம். இல்லை. நம் சுருட்டு போய் 'செரூட்' ஆனது உண்மைதான், அதற்காக 'சு'வில் தொடங்குவதெல்லாம் கப்பலேறியது என்றால் எப்படி? ஷார்ட் ஜெர்மானியக் குடும்பத்துச் சொல், பழைய ஆங்கிலத்திலேயே இருக்கிறது. அதன் அடியில் கிடப்பது 'வெட்டு' என்ற பொருளுள்ள மிகப் பழைய வேர் என்பார்கள். கத்தரிப்பதைச் சொல்லும் 'ஷியர்', பங்கைச் சொல்லும் 'ஷேர்' எல்லாம் அதற்குப் பங்காளிகள்.

உங்கள் புளோக்கில் சன்னலுக்கு வெளியே துணி காயும் மூங்கில் கழியைப் பாருங்கள். உங்கள் ஷர்ட், மகளின் பள்ளி ஸ்கர்ட், பக்கத்து வீட்டுப் பையனின் ஷார்ட்ஸ், மூன்றும் ஒரே வேர்தான். ஆங்கிலேயர் வாயில் 'ஸ்க' என்பது 'ஷ' ஆகிப்போனது, கடல் கடந்து வந்து இங்கிலாந்தில் குடியேறிய வைக்கிங்குகள் 'ஸ்க'வை விடவில்லை, ஆக ஒரே உடுப்புக்கு இரண்டு பெயராகி, கடைசியில் ஒன்று இடுப்புக்கு மேலே, ஒன்று கீழே என்று பாகம் பிரித்துக்கொண்டன. ஷார்ட்ஸ் ரொம்பப் பின்னால் பிறந்த தம்பி.

சரி, பேஸ்ட்ரி. பரோட்டா மாவை மாஸ்டர் வீசும்போது எப்படி விசிறி மாதிரி நீள்கிறது! சீனப் புத்தாண்டுக்கு வரும் அன்னாசி டார்ட்டில் அது நடக்காது. அந்த மாவில் வெண்ணெய் தாராளம், அது மாவைப் பூசிக்கொண்டு, தண்ணீர் பட்டு இழை ஓட விடாமல் தடுத்துவிடுகிறது. பல் பட்டதும் பொலபொலவென்று உதிர்கிறதே, அதுதான் ஷார்ட். அளவுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

எனக்குப் பிடித்த இடம் வேறு. கல்லாவில் இரண்டு வெள்ளி ஷார்ட் என்கிறோம் அல்லவா, தமிழில் சொன்னால் இரண்டு வெள்ளி குறைகிறது. குறில், குறள் எல்லாம் குட்டையானவை. பழந்தமிழில் குறைத்தலை என்றால் தலை வெட்டுண்ட முண்டம். குட்டை, பற்றாக்குறை, வெட்டு மூன்றும் இங்கேயும் ஒட்டிக்கொண்டுதான் கிடக்கின்றன, அவர்களும் நாமும் ஒருவருக்கொருவர் கடன் கொடுக்காமலே.

மகளிடம் ஒரு டார்ட்டைக் கொடுத்து இழுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். அப்புறம் சோபாவைக் கூட்டுவது உங்கள் பாடு.