பழைய விமானத் துண்டுகள் – கடிதம்

அன்புள்ள ஐயா,

பினாங்கு ஜார்ஜ்டவுனின் லோரோங் கூலிட் பழைய சாமான் சந்தையில் போன ஞாயிறு இரண்டு பொருள் வாங்கினேன். ஒன்று, கறுப்பு டயலும் மூன்று முள்ளும் உள்ள மீட்டர். பின்பக்கம் ஒரு கிரீடமும் ஏ.எம். என்ற எழுத்தும் ‘6ஏ/’ என்று தொடங்கும் எண்ணும் இருக்கின்றன. இன்னொன்று முழ நீள அலுமினியத் துண்டு. உட்பக்கம் மஞ்சள் கலந்த பச்சை பெயிண்ட். ஓரத்தில் 1560-66 என்று ஓர் எண் ஆரம்பிக்கிறது. இரண்டுமே ஜப்பான்காரனின் சீரோ விமானத்தில் இருந்தவை என்றார் கடைக்காரர். பாலிஷ் போட்டு ஹாலில் மாட்ட ஆசை. நெகிரி செம்பிலான் காட்டில் விழுந்த விமானம் ஒன்று இருக்கிறது, போய் எடுத்து வரலாம் என்று நண்பர்கள் கூப்பிடுகிறார்கள். போகலாமா?

– ஒரு வாசகர், பட்டர்வொர்த்

அன்புள்ள நண்பருக்கு,

முதலில் சீரோவை மறந்துவிடுங்கள். நம் ஊர்ச் சந்தையில் ஆணி அடித்த அலுமினியம் எல்லாமே சீரோதான், சீரோ என்றால் விலை கூடும். 1941 டிசம்பரில் மலாயா வானில் பிரிட்டிஷ்காரர்களோடு பெரும்பாலும் மோதியவை ஜப்பானியத் தரைப்படையின் விமானங்கள். அவர்களுடைய ஹயபூசா என்ற போர் விமானத்தை அப்போதே பல விமானிகள் சீரோ என்று நினைத்துக்கொண்டார்கள். சீரோ கடற்படையின் விமானம்.

உங்கள் மீட்டர் பிரிட்டிஷ் சரக்கு. கிரீடமும் ஏ.எம். எழுத்தும் ஏர் மினிஸ்ட்ரியின், அதாவது பிரிட்டிஷ் விமான அமைச்சகத்தின், முத்திரை. 6ஏ என்பது அவர்களுடைய ஸ்டோர் பட்டியலில் விமானக் கருவிகளின் பிரிவு. மூன்று முள்ளோடு, காற்றழுத்தத்தை மில்லிபாரில் காட்டும் சின்ன ஜன்னலும் டயலில் இருந்தால் அது உயரமானி. எந்த விமானத்தினுடையது என்று கேட்டால் எண்ணிடம் பதில் கிடைக்காது. ஒரே மாதிரி உயரமானியைப் பலவகை விமானங்களில் பொருத்தினார்கள். ‘ஸ்பிட்ஃபயர் போர் விமானத்தின் உயரமானி’ என்று விற்பவர்களிடம் கொஞ்சம் எச்சரிக்கையாக இருங்கள்.

இன்னொரு விஷயம். டயலின் எண்களில் பழுப்பேறிய, தடித்த பெயிண்ட் இருந்தால் அது கதிர்வீச்சு உள்ள ரேடியமாக இருக்கலாம். இருட்டில் ஒளிரவில்லையே என்று தைரியம் கொள்ளாதீர்கள். அந்தப் பூச்சில் ஒளிரும் வேதிப்பொருள்தான் சில பத்தாண்டுகளில் செத்துப்போகும். ரேடியம் பாதியாகக் குறையவே சுமார் 1600 ஆண்டு ஆகும். கண்ணாடியைக் கழற்றாதீர்கள், பெயிண்ட்டைச் சுரண்டாதீர்கள், படுக்கையறையில் வைக்காதீர்கள். ஹாலில் மாட்டும் யோசனையும் வேண்டாம்.

எனக்கு ஆர்வம் அந்த அலுமினியத் துண்டில்தான். 1560-66 என்பது நேட்டோ ராணுவக் கூட்டணி நாடுகள் தங்கள் சாமான்களுக்குக் கொடுக்கும் பண்டக எண்ணின் தொடக்கம். நேட்டோவே 1949-இல்தான் உருவானது; அப்புறம் சீரோவில் அந்த எண் எப்படி வரும்? 1560 என்றால் விமான உடலின் பாகங்கள். 66 என்றால் அதைப் பட்டியலில் ஏற்றிய நாடு ஆஸ்திரேலியா. உங்கள் ஊர் விமானத் தளத்தில் 1950களின் கடைசியிலிருந்து ஆஸ்திரேலியாவின் சேபர் போர் விமானங்களும், 1967 முதல் மிராஜ் போர் விமானங்களும் இருந்தன. 1988-இல்தான் தளம் நம் மலேசிய விமானப்படையின் கைக்கு வந்தது. உங்கள் துண்டு அங்கே கழித்துப்போட்டதாக இருக்க நல்ல வாய்ப்பு உண்டு, ஆனால் 66-ஐ மட்டும் வைத்து முடிவு கட்ட முடியாது. பெயிண்ட்டும் சீரோவுக்கு எதிராகத்தான் பேசுகிறது. ஜப்பானியக் கடற்படை விமானங்களின் உட்புறத்தில் பல இடங்களில் நீலப்பச்சை அரக்குப் பூச்சு இருக்கும். கண்ணாடித் தாள் ஒட்டியதுபோல் அடியில் உலோகம் பளபளக்கும். உங்களுடையது மஞ்சள்பச்சை.

பாலிஷ் வேண்டவே வேண்டாம். பெயிண்ட் அடுக்குகளும், மைமுத்திரையாகக் குத்திய பரிசோதகரின் சின்ன வட்டமும் கம்பிப் பஞ்சு இரண்டு தேய்ப்பு தேய்த்தால் போய்விடும். அதற்குப்பிறகு கையில் இருப்பது பழைய இரும்புக் கடைக்காரர் எடை போடும் தகரம். மென்மையான பிரஷ், கொஞ்சம் சோப்புத் தண்ணீர், நன்றாக உலர்த்தல் போதும். பினாங்கில் கடல் காற்று, அதனால் அலுமினியம் அரித்து வெள்ளைப் பொடி பூக்கிறதா என்று அவ்வப்போது பாருங்கள். கடைக்காரர் யாரிடமிருந்து வாங்கினார் என்று அடுத்த ஞாயிறே கேட்டு, தேதியோடு எழுதி வையுங்கள். எங்கிருந்து வந்தது என்று தெரியாத துண்டுக்கு என்னைப் பொறுத்தவரை மதிப்புப் பாதிதான்.

காட்டுக்குப் போக வேண்டாம். பார்த்துவிட்டு வருவது வேறு, எடுத்து வருவது வேறு. நீங்கள் சொல்லும் விமானம் எது என்று கடிதத்தில் இல்லை. நெகிரி செம்பிலானில் 1945 ஆகஸ்ட் 23 அன்று, ஜப்பான் சரணடைவதாக அறிவித்து 8 நாள் கழித்து, ஒரு பிரிட்டிஷ் லிபரேட்டர் விமானம் விழுந்தது. அதில் போன 8 பேரையும் 2012 அக்டோபரில்தான் கோலாலம்பூர் செராஸ் சாலைப் போர்க் கல்லறையில் அடக்கம் செய்தார்கள். இப்படிப்பட்ட இடங்களில் யார் கிடக்கிறார்கள் என்று சொல்வதே விமானத்தின் எண்தான். எண் பொறித்த தகட்டை ஒருவர் பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டால், ஒரு குடும்பத்துக்குப் பதில் கிடைக்காமலே போகலாம். வெடிக்காத குண்டு, தோட்டா கிடக்கும் ஆபத்து தனி. சட்டமும் இருக்கிறது. தேசிய மரபுடைமைச் சட்டம் 2005-இன்படி, மரபு மதிப்புள்ள பொருளைக் கண்டெடுத்தவர் மரபுடைமை ஆணையருக்கோ மாவட்ட அதிகாரிக்கோ தெரிவிக்க வேண்டும். நண்பர்களிடம் இதைச் சொல்லுங்கள். போயே தீருவோம் என்றால் கேமராவோடு மட்டும் போகட்டும், எதையும் தொட வேண்டாம்.

நேட்டோ எண்ணில் மொத்தம் 13 இலக்கம். 66-க்குப் பிறகு வரும் ஏழையும் எழுதி அனுப்புங்கள். பக்கத்தில் ஒரு ஸ்கேல் வைத்து, துண்டின் இரு பக்கத்தையும் படம் எடுங்கள். ஃபிளாஷ் போடாமல், வெளிச்சம் பக்கவாட்டில் விழும்படி எடுத்தால் தேய்ந்த முத்திரைகளும் தெரியும்.

அன்புடன்