வன்முறைக் குழுக்களை எந்தச் சொல்லால் எழுதுவது? – கேள்வி பதில்

செய்தி மொழிபெயர்ப்பில் நெடுங்காலமாக இருப்பதால் என்னிடம் வந்த கேள்விகள் இவை.

கேள்வி: வன்முறைக் குழுக்களை 'அரக்கர்கள்' என்று எழுதலாமா சார்?

நான் எழுத மாட்டேன். 2014 டிசம்பர் 16 அன்று பாகிஸ்தானின் பெஷாவரில் தாலிபான்கள் பள்ளிக்குள் புகுந்து 130-க்கும் மேற்பட்ட பிள்ளைகளைச் சுட்டுக் கொன்றார்கள். அதைக் கொடூரம் என்று எழுத எனக்குத் தயக்கமே இல்லை. ஆனால் அரக்கனுக்குக் கொல்வது பிறவிக் குணம். அவனிடம் ஏன் செய்தாய் என்று கேட்க முடியாது. மனிதன் செய்தான், செய்யாமலும் இருந்திருக்கலாம். அதனால்தான் அது குற்றம். நார்வேயில் 2011-ல் 77 பேரைக் கொன்றவனை முதலில் பரிசோதித்த மருத்துவர்கள் மனநோயாளி என்றார்கள். 2012-ல் நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. புத்தி தெளிவோடுதான் செய்தான் என்று தீர்ப்பளித்தது.

கேள்வி: பிபிசி 'பயங்கரவாதி' என்று தன் குரலில் சொல்வதில்லையே? நடுநிலை வேண்டாமா?

வேண்டும். மண்டேலாவின் பெயர் 2008 வரை அமெரிக்காவின் பயங்கரவாதக் கண்காணிப்புப் பட்டியலில் இருந்தது. அந்தப் பட்டத்தை அவ்வளவு நம்ப முடியாது.

ஆனால் நடுநிலை என்று நினைத்து நாம் எழுதுவது பல நேரம் கொன்றவனின் சொல்லாகவே இருக்கிறது. பணயக்கைதியைக் கொன்றால் 'மரண தண்டனை நிறைவேற்றினர்' என்று எழுதுகிறோம். தண்டனையா? விசாரித்தது யார்? 'கொன்றனர்' போதும். 'தாக்குதலுக்குப் பொறுப்பேற்றது' என்பதும் அப்படித்தான். பொறுப்பு எவ்வளவு நல்ல சொல்! 'நாங்கள்தான் செய்தோம் என்று அறிவித்தது' என்று எழுதுங்கள். 2014-ல் இராக்கின் சிஞ்சாரில் ஐ.எஸ். அமைப்பு, யாசிதி என்ற சிறுபான்மை மதத்துப் பெண்களைப் பிடித்துப்போய், விலை பேசி விற்றது. அதை 'மணம் முடித்தனர்' என்று எழுதினால் அது பச்சைப் பொய்.

கேள்வி: காரணங்களை ஆராய்ந்தால் நியாயப்படுத்துவது ஆகாதா?

ஆகாது. ஏன் சேர்ந்தான் என்பது ஒரு கேள்வி, செய்தது சரியா என்பது வேறு கேள்வி.

கேள்வி: அண்ணா, என் தம்பி இப்படிப்பட்ட ஒரு குழுவின் காணொளிகளையே பார்க்கிறான். 'அவர்கள் கெட்டவர்கள்' என்று சொன்னால் கேட்கவே மாட்டேன் என்கிறான்.

அந்தக் குழுவும் அவனிடம் மானம், தியாகம், நீதி என்றுதானே பேசுகிறது? நீங்கள் 'கெட்டவர்கள்' என்றதும், நீங்கள் எதிர்க்கட்சி ஆகிவிடுகிறீர்கள். கோபப்படாமல் பக்கத்தில் உட்காருங்கள். அவன் பார்க்கும் தாக்குதல் ஒன்றில் செத்தவர்கள் யார், என்ன வயது, அந்த நேரத்தில் என்ன செய்துகொண்டிருந்தார்கள் என்று அவனையே தேடிச் சொல்லச் சொல்லுங்கள். அப்புறம் அதற்கு என்ன பெயர் வைப்பாய் என்று கேளுங்கள். பதிலுக்கு அவசரப்படுத்தாதீர்கள்.