22 வருடம் பைப் வேலை, கையில் ஒரு தாளும் இல்லை

கேள்வி: ஐயா, எனக்கு 43 வயது. வெள்ளவத்தை, தெஹிவளைப் பக்கம் 22 வருடமாக பிளம்பர் வேலை செய்கிறேன். எட்டாம் வகுப்போடு படிப்பு நின்றுவிட்டது. இப்போது கொம்பனி வேலைக்குப் போனால் என்.வி.கியூ. என்ற தொழில் தகைமைச் சான்றிதழ் இருக்கிறதா என்று கேட்கிறார்கள். கனடாவில் ஒன்ராறியோவில் இருக்கும் மச்சான், அங்கே லைசன்ஸ் இல்லாமல் பைப்பில் கை வைக்க முடியாது என்கிறார். இந்த வயதில் பொடியன்களோடு வகுப்பில் போய் உட்கார வேண்டுமா?
வாசகர், வெள்ளவத்தை

பதில்: வேண்டாம் தம்பி. செய்து பழகிய தொழிலைச் சோதித்துப் பார்த்துச் சான்றிதழ் கொடுக்கும் வழி இருக்கிறது. ஆர்.பி.எல். என்பார்கள். ராஜகிரியவில் உள்ள நைட்டா என்ற அரசு தொழிற்பயிற்சி நிறுவனத்தின் அலுவலகத்துக்குப் போய் பிளம்பர் தொழிலுக்கு என்று கேளுங்கள். ஓ.எல். பரீட்சை சித்தி இல்லையே என்று தயங்காதீர்கள், அங்கே பார்ப்பது உங்களுக்கு வேலை தெரிகிறதா என்பதைத்தான். தனியே பொறுப்பெடுத்து வேலை செய்கிற பாஸ்மாருக்கு உரியது என்.வி.கியூ. 4 ஆம் மட்டம். அதையே குறிவையுங்கள்.

நான் 47 வயதில் இதைச் செய்தேன். கொமட் பூட்டச் சொன்னார்கள், பூட்டினேன். அப்புறம் மதிப்பீட்டாளர், அடியில் வளைந்திருக்கும் பகுதியைக் காட்டி, "ட்ராப்பில் ஏன் தண்ணீர் நிற்க வேண்டும்?" என்று கேட்டார். "அப்படித்தான் வைப்போம்" என்றேன். கழிவுக் குழாயின் வாயு வீட்டுக்குள் ஏறாமல் அந்தத் தண்ணீர்தான் மறிக்கிறது என்பது எனக்குத் தெரியாததா? எத்தனை வீட்டில் அந்த நாற்றத்தை நிறுத்தியிருக்கிறேன்! வாயில்தான் வரவில்லை. ஆகவே இப்போதிருந்தே சொல்லிப் பழகுங்கள். ட்ராப்பில் 50 மில்லிமீற்றராவது தண்ணீர் நிற்க வேண்டும். நாலு அங்குலக் கழிவு லைனுக்கு 40 அடிக்கு ஓர் அடி வாட்டம், அதாவது சரிவு, கொடுக்கிறோம், ஏனென்றால் வாட்டம் போதாவிட்டால் கழிவு அடியில் தங்கி அடைக்கும். சுவரைப் பூசி மூடுவதற்கு முன் தண்ணீர் அடைத்து அழுத்தம் பார்ப்பது எதற்கு? இரவில் பிள்ளைகளைக் கேள்வி கேட்கச் சொல்லுங்கள்.

எனக்குப் பெரிய கஷ்டம் அனுபவத்தை நிரூபிப்பதில்தான் வந்தது. பதினொரு வருடம் வேலை செய்த கொன்ட்ராக்டர் ஒரு கடிதம் தரமாட்டேன் என்றுவிட்டார். மனம் உடைந்துபோனேன். பிறகு கொட்டாஞ்சேனையில் நான் குளியலறை செய்து கொடுத்த மூன்று வீட்டுக்காரரிடம் போனேன். என்ன வேலை, எந்த வருடம், எத்தனை நாள் என்று மூவரும் எழுதித் தந்தார்கள். அவற்றையும் வேலைப் படங்களையும் ஒரே ஃபைலில் போட்டுக் கொடுத்தேன். நீங்களும் இனி ஒவ்வொரு வேலையையும் சுவர் மூடுமுன் படம் எடுத்து வையுங்கள். பரீட்சையே இல்லாமல் எடுத்துத் தருகிறேன் என்று வரும் புரோக்கரிடம் ஒரு சதமும் கொடுக்காதீர்கள்.

ஒன்ராறியோ விஷயத்தில் மச்சான் சொன்னது சரி. அங்கே பிளம்பர் வேலைக்குச் சான்றிதழ் கட்டாயம். நம் என்.வி.கியூ. அங்கே லைசன்ஸ் ஆகாது. அங்கே புதிதாகப் பழகுகிறவருக்கு 9,000 மணித்தியாலப் பயிற்சி. வெளிநாட்டில் தொழில் பார்த்தவர், தன் அனுபவம் அதற்கு ஈடானது என்று ஸ்கில்ட் ட்ரேட்ஸ் ஒன்ராறியோ என்ற அமைப்புக்குக் காட்ட வேண்டும். அது ஒப்புக்கொண்டால்தான் பரீட்சை எழுத விடுவார்கள்.

அங்கேயும் கேட்பது வேலை கொடுத்தவரின் கடிதம்தான். ஆகவே நைட்டாவுக்கு வாங்கும்போதே ஆங்கிலத்தில் இன்னொரு பிரதி, மணித்தியாலக் கணக்கோடும் எழுதியவரின் தொலைபேசி எண்ணோடும் வாங்கிவிடுங்கள். வயதான வீட்டுக்காரரிடம் முதலில் போங்கள்.