பிட்டரில் வெண்ணெய் மணம், கோதுமை பியரில் லவங்க மணம்: எது கோளாறு?

கேள்வி: லெஸ்டரில் வசிக்கிறேன். வீட்டிலேயே 23 லிட்டர் வீதம் மூன்று வகை ஏல் (ஒரு பியர் இனம்) தயாரித்தேன்: கசப்பான இங்கிலீஷ் பிட்டர், கருநிறப் போர்ட்டர், ஜெர்மன் கோதுமை பியர். பிட்டரில் வெண்ணெய் மணம், கோதுமை பியரில் வாழைப்பழ மணமும் லவங்க (கிராம்பு) மணமும் வீசுகின்றன. கிட் வாங்கிய கடையில், இரண்டிலும் ஈஸ்ட் கெட்டுவிட்டது என்று ஒரு பவுடரை விற்கப் பார்த்தார்கள். நண்பர்கள் மூன்றுமே பிரமாதம் என்கிறார்கள். நானே சுவைத்துத் தரம் பார்ப்பது எப்படி?

பதில்: முதலில், அந்தப் பவுடரை வாங்காதீர்கள். கோதுமை பியரில் குறையே இல்லை. அதற்கென்று உள்ள ஈஸ்ட் வாழைப்பழ மணத்தையும் லவங்க மணத்தையும் தானாகவே உண்டாக்கும். அவை வராமல் இருந்தால்தான் கவலைப்பட வேண்டும். அதே லவங்க மணம் பிட்டரிலோ போர்ட்டரிலோ வந்தால், வேண்டாத ஈஸ்ட் புகுந்திருக்கக்கூடும். டெட்டால் வாடை அடித்தால் பெரும்பாலும் குழாய்த் தண்ணீரிலுள்ள குளோரின்தான் காரணம். அடுத்த முறை தயாரிக்கும் முன், 23 லிட்டர் தண்ணீருக்கு அரை கேம்ப்டன் மாத்திரையை (குளோரினை நீக்கும் மாத்திரை) நொறுக்கிப் போட்டால் அது வராது.

பிட்டரின் வெண்ணெய் மணத்துக்குக் காரணம் டயசெட்டில் என்ற வேதிப்பொருள். ஈஸ்ட் வேலை செய்யும்போது ஒரு மூலப்பொருளை வெளியே விடும், அது மெல்ல டயசெட்டிலாக மாறும், கடைசி நாட்களில் ஈஸ்டே அதைத் திரும்ப எடுத்துக்கொள்ளும். நுரை அடங்கியதுமே பாட்டிலில் அடைத்தால் அந்தக் கடைசி வேலை பாதியில் நிற்கும். உங்கள் பாட்டில்களில் ஈஸ்ட் இன்னும் உயிரோடு இருப்பதால், 20 டிகிரி செல்சியஸில் இரண்டு வாரம் வையுங்கள். பெரும்பாலும் மணம் குறைந்துவிடும். மாறாக வெண்ணெயோடு புளிப்பும் கொழகொழப்பும் கூடிக்கொண்டே போனால் பாக்டீரியா தொற்றிவிட்டது. அதற்கு எந்தப் பவுடரும் மருந்தல்ல, கொட்டிவிடுங்கள்.

அடுத்த முறை பாட்டிலில் அடைப்பதற்கு முன் இரண்டு கிளாஸில் 100 மி.லி. வீதம் எடுங்கள். ஒன்றை லேசாக மூடி, 65 டிகிரி வெந்நீரில் 20 நிமிடம் வைத்து (மிச்சமிருக்கும் மூலப்பொருளைச் சூடு டயசெட்டிலாக்கிவிடும்), பிறகு இரண்டையும் ஒரே குளிர்ச்சிக்குக் கொண்டுவந்து முகருங்கள். எதில் வெண்ணெய் வாடை வந்தாலும் 20, 21 டிகிரியில் இன்னும் மூன்று நாள் விட்டுவிட்டு மறுபடி சோதியுங்கள். இரண்டிலும் வராவிட்டால் அடைக்கலாம்.

இதில் ஒரு விதிவிலக்கு உண்டு. பலரும் தடுமாறும் இடம் என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன். பிட்டரில் மிக மெல்லிய வெண்ணெய்ச் சாயல் இருக்கலாம் என்று பிஜேசிபி (பியர் நடுவர்களுக்குச் சான்று தரும் அமைப்பு) வெளியிட்ட வகை விவரணமே அனுமதிக்கிறது. மெல்லிய என்றால், தேடினால்தான் தெரிய வேண்டும். மால்ட்டின் (முளைகட்டி உலர்த்திய தானியம்) பிஸ்கட் மணமும் ஹாப்ஸ் பூக்களின் கசப்பும் முன்னே நிற்க, பின்னால் லேசாக வந்து போக வேண்டும். மூக்கருகே கொண்டுபோனதுமே பாப்கார்ன் வாடை அடித்தால் அது கோளாறுதான். ‘இங்கிலீஷ் பாணியே இப்படித்தான்’ என்று சொல்லி விற்கிறவர்களை நம்பாதீர்கள். கோதுமை பியருக்கு இந்தச் சலுகை கிடையாது.

இனி சுவைக்கும் முறை. பிட்டர், போர்ட்டர் இரண்டையும் 10 முதல் 13 டிகிரியில் ஊற்றுங்கள். ஃபிரிட்ஜிலிருந்து அப்படியே எடுத்து ஊற்றினால் குளிர்ச்சி நல்லதையும் கெட்டதையும் சேர்த்தே மறைத்துவிடும். கோதுமை பியர் இன்னும் கொஞ்சம் குளிர்ந்திருக்கலாம். கிளாஸில் சோப்பு வாடை இருக்கக் கூடாது. தாளிப்பு வாசனை அடங்காத சமையலறையிலோ, காபி குடித்த உடனோ சுவைக்காதீர்கள். கிளாஸில் மூன்றில் ஒரு பங்கு ஊற்றியதும் முகர்ந்துவிடுங்கள், சில மணங்கள் ஒரு நிமிடத்தில் பறந்துவிடும். பிறகு நிறம், நுரை. அப்புறம் ஒரு வாய் விழுங்குங்கள்; கசப்பு விழுங்கிய பிறகுதான் முழுதாகத் தெரியும். கோதுமை பியர், பிட்டர், போர்ட்டர் என்பதே வரிசை. வறுத்த மால்ட்டைச் சுவைத்த நாக்குக்கு மற்றவை சப்பென்று இருக்கும். நடுவே தண்ணீரும் வெறும் ரொட்டியும் போதும்.

நண்பர்களின் பாராட்டை ஒதுக்கிவிட்டு அவர்களைச் சோதனைக்குப் பயன்படுத்துங்கள். மூன்று கிளாஸ்: இரண்டில் உங்கள் பிட்டர், ஒன்றில் கடை பிட்டர். ஒருவர் ஊற்றியதை, எது எதுவென்று தெரியாத வேறொருவர் நீட்டட்டும். வேறானதைக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். குருட்டாம்போக்கில் மூன்றுக்கு ஒன்று சரியாக வரும் என்பதால் ஒரு தடவையோடு நிறுத்தாதீர்கள்.

மதிப்பெண் வேண்டுமென்றால் பிஜேசிபியின் மதிப்பெண் தாள் இருக்கிறது: மணம் 12, தோற்றம் 3, சுவை 20, வாயில் உணரும் தன்மை 5, ஒட்டுமொத்தம் 10, ஆக 50. தாள் நல்லதுதான். போட்டிகளில் அதை நிரப்பும் விதம்தான் எரிச்சலூட்டுகிறது. 28 என்று எண்ணைப் போட்டுவிட்டு, ‘நன்று, இன்னும் மேம்படலாம்’ என்று எழுதினால் தயாரித்தவர் எதைத் திருத்துவார்? வெண்ணெய் வாடை என்று இரண்டு சொல் எழுத எவ்வளவு நேரமாகும்? நுழைவுக் கட்டணம் வாங்கியவர்கள் இதையாவது செய்ய வேண்டும். வகையைத் தவறாகக் குறித்து அனுப்பினால், நல்ல பியருக்கும் மதிப்பெண் போய்விடும்.

இன்னொரு எச்சரிக்கை. ‘20 பாட்டில் கொடுங்கள், விசேஷத்தில் விற்றுத் தருகிறேன்’ என்று யாராவது வருவார். பிரிட்டனில் 1963-லிருந்து சொந்த உபயோகத்துக்கு உரிமம் இல்லாமல் பியர் தயாரிக்கலாம். விற்க முடியாது, அதற்கு வரித்துறை அனுமதியும் தீர்வையும் வேண்டும். மாட்டினால் தயாரித்த நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும்.