கேட்காமலேயே வந்தவை (கடிதமும் பதிலும்)

அன்புள்ள ஆசிரியருக்கு,

பிரிட்டனின் இயன் ரஸ்ஸல் பற்றி நீங்கள் எழுதிய குறிப்பைப் படித்தேன். 14 வயது மகள் மோலியைப் பறிகொடுத்த பிறகு, தற்கொலை, சுயதீங்குப் பதிவுகளைக் குழந்தைகளிடம் கொண்டுசேர்க்கும் சமூக ஊடகங்களுக்கு எதிராகப் போராடிவருபவர். அவர் துயரத்தின் முன்னால் நின்று வாதாட யாருக்கும் மனம் வராது. என் தயக்கமே அதுதான். ஒரு தந்தையின் கண்ணீரை வைத்து ஒரு நாடு சட்டம் இயற்றலாமா?

இன்னொன்று. கல்லூரி நாட்களில் நான் மனச்சோர்வில் கிடந்தவள். வீட்டில் யாரிடமும் சொல்ல முடியவில்லை. முகம் தெரியாதவர்கள் இணையத்தில் எழுதியதைப் படித்துத்தான் 'நான் மட்டும் இல்லை' என்று மூச்சு விட்டேன். கடுமையான மட்டுறுத்தல் (பதிவுகளைக் கண்காணித்து நீக்குவது) வந்தால் முதலில் காணாமல் போவது அந்தக் குரல்கள்தானே? எது ஆறுதல், எது ஆபத்து என்று யார் முடிவு செய்வது?

இவ்வளவு போராடியவர், 16 வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்கு சமூக ஊடகத்தையே தடை செய்யலாம் என்ற பேச்சு வந்தபோது அதை எதிர்த்தார். அதுவும் எனக்குப் புரியவில்லை.

அன்புடன்,
எஸ்.

அன்புள்ள எஸ்.,

உங்கள் இரண்டாவது கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன். இந்த விவாதத்தில் கனமான கேள்வி அதுதான். சொந்த அனுபவத்திலிருந்து அதைக் கேட்டிருக்கிறீர்கள். அதற்கு நன்றி.

நீங்கள் சொல்வதை ஒட்டிய ஒரு வாதம் மோலி ரஸ்ஸலின் மரண விசாரணையிலேயே எழுந்தது. 2022 செப்டம்பரில் வடக்கு லண்டனில் அந்த விசாரணை நடந்தது. இன்ஸ்டாகிராமை நடத்தும் மெட்டா நிறுவனத்தின் சார்பில் எலிசபெத் லகோன் என்ற அதிகாரி சாட்சி சொன்னார். மோலி பார்த்த பதிவுகளை ஒவ்வொன்றாகக் காட்டி, இவை குழந்தைகளுக்குப் பாதுகாப்பானவையா என்று குடும்பத்தின் வழக்கறிஞர் கேட்டார். மனிதர்கள் தங்கள் வேதனையை வெளிப்படுத்த இடம் இருக்க வேண்டும், அது உதவி கேட்கும் குரலாகவும் இருக்கலாம் என்பது லகோனின் பதிலின் சாரம். விதிகளை மீறிய சில பதிவுகளை மோலி பார்க்க நேர்ந்ததற்கு வருத்தம் தெரிவித்தார். மற்றவற்றில் பெரும்பாலானவை பாதுகாப்பானவையே என்றார்.

அவர் சொன்னதில் ஒரு பாதி உண்மை. உங்களைக் காப்பாற்றியதும் அந்தப் பாதிதான். ஆனால் ஒரு பதிவைத் தனியாக எடுத்து மேசை மேல் வைத்து 'இது ஆபத்தா?' என்று கேட்டால் எப்போதுமே அந்தப் பதில்தான் வரும். மோலியிடம் அவை தனித்தனியாக வரவில்லை. இறப்பதற்கு முந்தைய ஆறு மாதங்களில் இன்ஸ்டாகிராமில் அவள் விரும்பிய, சேமித்த, பகிர்ந்த பதிவுகள் சுமார் 16,300. அவற்றில் 2,100 மனச்சோர்வு, சுயதீங்கு, தற்கொலை தொடர்பானவை. எட்டில் ஒரு பங்குதானே, மற்றதெல்லாம் அந்த வயதுப் பெண்கள் பார்க்கும் சாதாரண விஷயங்கள்தானே என்று ஒருவர் சொல்லலாம். ஆறு மாதத்துக்கு வகுத்துப் பாருங்கள். ஒரு நாளைக்குப் பதினொன்று, பன்னிரண்டு. அதுவும் அவள் கைபட்டவை மட்டும். வெறுமனே கண்ணில் பட்டுக் கடந்தவை இந்தக் கணக்கில் இல்லை.

படங்களைச் சேகரித்துப் பகிரும் இன்னொரு தளம் பின்டரஸ்ட். 'நீங்கள் விரும்பக்கூடிய 10 மனச்சோர்வுப் படங்கள்' என்ற பொருளில் தலைப்பிட்ட மின்னஞ்சலை அந்தத் தளம் மோலிக்கு அனுப்பியிருந்தது. இதை நான் பல முறை படித்துவிட்டேன், இன்னும் மனசு ஆறவில்லை. எந்த மனிதரும் உட்கார்ந்து எழுதிய கடிதம் இல்லை அது. இவளுக்கு எதில் ஆர்வம் என்று கணக்குப் போட்ட ஒரு இயந்திரம், மனச்சோர்வையும் ஒரு ஆர்வமாக எடுத்துக்கொண்டு, செருப்பு விளம்பரம் அனுப்புவதுபோல அனுப்பியது. பின்டரஸ்டின் அதிகாரி விசாரணையில் மறைக்கவில்லை, அந்தக் காலத்தில் தங்கள் தளம் பாதுகாப்பாக இல்லை என்று ஒப்புக்கொண்டு வருத்தம் தெரிவித்தார்.

விசாரணை அதிகாரி ஆண்ட்ரூ வாக்கரின் முடிவுரையில் உங்கள் கேள்விக்கு நேரான பதில் இரண்டு இடங்களில் இருக்கிறது. அல்காரிதம்கள் (எதை யாருக்குக் காட்டுவது என்று முடிவு செய்யும் நிரல்கள்) இயங்கிய விதத்தால் அந்தப் படங்களும் காணொளிகளும் எழுத்துகளும் சில சமயம் மொத்தமாக வந்து குவிந்தன, அவற்றில் சில மோலி கேட்காமலேயே தேர்ந்தெடுத்துத் தரப்பட்டன என்கிறார். இது ஒன்று. உதவக்கூடியவர்களிடம் பேசவிடாமல் அவளைத் தனிமைப்படுத்தப் பார்த்தவையும் அவற்றில் இருந்தன என்கிறார். இது இரண்டாவது. நீங்கள் படித்தவை உங்களை மனிதர்கள் பக்கம் திருப்பின. அவளுக்கு வந்தவற்றில் சில, மனிதர்களிடம் போகாதே என்றன. அப்புறம், நீங்கள் தேடிப் போனீர்கள். அவளைத் தேடி அவை வந்தன.

இயன் ரஸ்ஸல் இத்தனை வருடமாகச் சொல்லிவருவதில் நான் முக்கியமாக நினைப்பது இதைத்தான். மட்டுறுத்தல் என்றதும் நம் மனதில் வருவது கத்தரிக்கோல்: ஒருவர் எழுதுகிறார், இன்னொருவர் வெட்டுகிறார். உங்கள் பயமும் அந்தக் கத்தரிக்கோலைப் பற்றியது. ரஸ்ஸலும் நீக்கச் சொல்கிறார், மறுக்கவில்லை. அவர் குடும்பம் 2019 ஜனவரியில் வெளிப்படையாகப் பேசிய பிறகுதான், அடுத்த மாதமே, கொடூரமான சுயதீங்குப் படங்களை அனுமதிக்க மாட்டோம் என்று இன்ஸ்டாகிராம் அறிவித்தது. ஆனால் அவர் திரும்பத் திரும்ப வருவது அந்த அல்காரிதத்துக்கு, அதாவது பரிந்துரைக்கும் பொறிக்குத்தான். ஒருவர் தன் வலியை எழுதுவது பேச்சு. அதே வலியை எடுத்து, ஏற்கெனவே வலியில் இருக்கும் ஒரு பதினான்கு வயதுப் பெண்ணிடம் நாள்தோறும் கொண்டுபோய்ச் சேர்ப்பது ஒரு நிறுவனத்தின் செயல். அந்தச் செயலை நிறுத்தச் சொன்னால் யாருடைய வாயும் மூடப்படுவதில்லை.

இதில் அதிகம் பேசப்படாத ஒரு பக்கமும் உண்டு. மோலி பார்த்தவற்றை ஆராய்ந்த குழந்தை மனநல மருத்துவர் ஒருவர், அதன் பிறகு சில வாரங்கள் தனக்குச் சரியாகத் தூக்கம் வரவில்லை என்று சாட்சியில் சொன்னார். பயிற்சி பெற்ற மருத்துவருக்கே அந்த நிலை. இப்படிப்பட்டவற்றைத் தினமும் எட்டு மணி நேரம் பார்த்து நீக்குவதை வேலையாகச் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். அமெரிக்காவில் அந்த வேலையால் மனநலம் கெட்டதாக வழக்குத் தொடுத்தவர்களுக்கு 5.2 கோடி டாலர் தர ஃபேஸ்புக் 2020-இல் சம்மதித்தது. வெட்டுவதை மட்டுமே தீர்வாக வைத்தால் சுமை முழுவதும் இவர்கள் தலையில்தான் விழும். இயந்திரம் தள்ளிவிடுவதைக் குறைத்தால் குழந்தைகளை எட்டுவதும் குறையும், இவர்கள் முன் அவசரமாக வந்து குவிவதும் குறையும்.

சரி, தந்தையின் கண்ணீர் சட்டமாகலாமா என்ற கேள்விக்கு வருகிறேன். கண்ணீர் மட்டும் சட்டமாகியிருந்தால் நானும் உங்கள் பக்கம் நின்றிருப்பேன். மோலி இறந்தது 2017 நவம்பரில். விசாரணை முடிய ஏறக்குறைய ஐந்து வருடம் ஆனது. அந்த ஐந்து வருடமும் அந்தக் குடும்பம் கேட்டது ஆதாரத்தை. தங்கள் மகள் பார்த்தவை நீதிமன்றத்தில் திறந்து காட்டப்பட வேண்டும் என்பதற்காக, வேறு எந்தப் பெற்றோரும் கண்ணைப் பொத்திக்கொள்ளும் விஷயத்தை அவர்கள் உட்கார்ந்து பார்த்தார்கள். கடைசியில் வந்த தீர்ப்பும் உணர்ச்சிவசப்பட்ட தீர்ப்பு இல்லை. இணையம்தான் கொன்றது என்று வாக்கர் எழுதவில்லை. மனச்சோர்வாலும் இணையப் பதிவுகளின் தீய விளைவுகளாலும் அவதிப்பட்ட நிலையில், தன்னைத்தானே காயப்படுத்திக்கொண்டதால் இறந்தாள் என்றார். அந்தப் பதிவுகளின் பங்கு அற்பமானதல்ல என்றார். அவ்வளவுதான்.

பிரிட்டனின் இணையப் பாதுகாப்புச் சட்டமும் ஒரே மூச்சில் வரவில்லை. 2019 ஏப்ரலில் அரசின் வெள்ளை அறிக்கை, 2021 மே மாதம் வரைவு, அப்புறம் நாடாளுமன்றத்தில் நீண்ட இழுபறி. சட்டவிரோதம் இல்லை, ஆனால் தீங்கானது என்ற வகைப் பதிவுகளைப் பெரியவர்கள் விஷயத்திலும் நிறுவனங்கள் கவனிக்க வேண்டும் என்ற பகுதி, நீங்கள் எழுப்பும் அதே கருத்துச் சுதந்திரக் கேள்வியால் 2022 நவம்பரில் கைவிடப்பட்டது. அந்த வகைப் பதிவுகளிலிருந்து குழந்தைகளைக் காக்கும் கடமைகள் நீடித்தன. 2023 அக்டோபரில் சட்டமானது. மீறினால் 1.8 கோடி பவுண்டு அல்லது உலக வருவாயில் 10 சதவீதம், இரண்டில் எது அதிகமோ அதுவரை அபராதம் விதிக்கலாம். குழந்தை இறந்தால், அது இணையத்தில் பார்த்தவற்றை நிறுவனங்களிடமிருந்து கேட்டுப் பெற ஒழுங்குமுறை அமைப்பான ஆஃப்காமுக்கு இப்போது அதிகாரம் உண்டு. ரஸ்ஸல் குடும்பம் காத்துக் கிடந்தது போல இன்னொரு குடும்பம் கிடக்கக் கூடாது என்பதற்காகச் சேர்க்கப்பட்டது அது. இந்தச் சட்டத்தில் எனக்கு மிகப் பிடித்த பகுதியும் அதுவே.

தடை விஷயத்தில் நீங்கள் முரண்பாட்டைப் பார்க்கிறீர்கள். எனக்கு அங்கேதான் அவர் நேர்மை தெரிகிறது. தடை வந்தால் குழந்தைகள் வேறு மூலைகளுக்கு நகர்வார்கள், பதினாறாவது பிறந்தநாளன்று அதே பொறியின் முன் போய் நிற்பார்கள், நிறுவனங்கள் தங்கள் பொறியைத் திருத்த வேண்டிய கட்டாயம் போய்விடும் என்பதே தடையை எதிர்ப்பவர்களின் வாதம். கோபத்தைக் காட்ட மட்டும் வந்தவராக இருந்தால் தடையை முதலில் வரவேற்றவர் அவராகத்தான் இருந்திருப்பார். அதே மனிதர், ஆஃப்காம் பயந்து பயந்து செயல்படுகிறது என்று சொல்லவும் தயங்கவில்லை. 2025 ஜனவரியில், மெட்டா தன் மட்டுறுத்தல் விதிகளைத் தளர்த்திய அதே மாதத்தில், பிரிட்டன் இணையப் பாதுகாப்பில் பின்னோக்கிப் போகிறது என்று பிரதமருக்கே எழுதினார். சட்டம் வந்துவிட்டது, என் வேலை முடிந்தது என்று அவர் வீட்டில் உட்காரவில்லை.

உங்கள் பயத்தில் ஒரு பகுதி எனக்கும் இருக்கிறது. அபராதத்துக்கு அஞ்சும் நிறுவனம் பொறியைத் திருத்தாமல், மலிவான வழியாக 'தற்கொலை' என்ற சொல் உள்ள எல்லாவற்றையும் அழித்துவிடலாம். அப்போது நீங்கள் அன்று படித்தது போன்ற குறிப்புகள்தான் முதலில் போகும். அதனால் ஆஃப்காம் எத்தனை பதிவு நீக்கப்பட்டது என்று நிறுவனங்களிடம் கேட்பதோடு நிற்கக் கூடாது. பதிமூன்று வயதுக் கணக்கு ஒன்றுக்கு ஒரு வாரத்தில் கேட்காமலேயே என்னென்ன காட்டப்பட்டது என்றும் கேட்க வேண்டும்.

அன்புடன்.