கசடு ஏன் காயமாட்டேன் என்கிறது?

கேள்வி: எங்கள் குடியிருப்பின் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தில், உலர்த்தும் படுகையில் கொட்டிய கசடு மூன்று வாரமாகியும் களியாகவே கிடக்கிறது. நாற்றம் வேறு. என்ன செய்யலாம்? (வாசகி, மேடவாக்கம்)

பதில்: ஒரு ஸ்கேலை எடுத்துப்போய்க் கசடு எவ்வளவு உயரம் நிற்கிறது என்று பாருங்கள் அம்மா. 20 சென்டிமீட்டர் நல்லது, 30-ஐத் தாண்டவே கூடாது. ஆள் குறைவு என்று மொத்தமாகக் கொட்டிவிடுகிறார்கள், அதுதான் வினை.

அப்புறம், படுகையின் அடியில் பரப்பிய மணல். முதல் இரண்டு மூன்று நாளில் தண்ணீரில் பெரும்பங்கு மணல் வழியாகத்தான் வடிய வேண்டும். மிச்சத்தைத்தான் வெயிலும் காற்றும் இழுக்கும். நான் வேலை பார்த்த ஓரிடத்தில் மாதக்கணக்கில் இதே தொல்லை. தோண்டிப் பார்த்தால், ஆற்று மணலுக்குப் பதிலாகத் தூள் நிறைந்த எம்-சாண்ட்! விரலில் உருட்டினால் மாவு போல ஒட்டியது. மேலடுக்கை வழித்தெடுத்து, கழுவிய பருமணல் போட்டோம். மறுநாளே வடிகுழாயில் தண்ணீர் சொட்டத் தொடங்கியது. அந்தச் சத்தம் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது.

வடிந்தபின் மேலே பாலேடு மாதிரி தோல் கட்டும். உள்ளே ஈரம் அடைபட்டுவிடும். தினமும் வாரியால் கீறிவிடச் சொல்லுங்கள். பணியாளருக்குக் கையுறையும் பூட்ஸும் கட்டாயம் கொடுங்கள், இதில் சமரசமே வேண்டாம்.

ஐப்பசி மழைக்கு முன் பாலிகார்பனேட் கூரை போடுங்கள். பக்கங்களை மூடாதீர்கள், காற்று ஓட வேண்டும். நாற்றம், கசடை நுண்ணுயிரிகள் சரியாகச் செரிக்கவில்லை என்பதன் அடையாளம். கசடுத் தொட்டியில் காற்று ஊதும் நேரத்தைக் கூட்டிப் பாருங்கள்.